யாரை மனதில் வைத்துத் துணி வெட்டுகிறோம்? ஆடைத் தொழிலில் பன்மையும் இடங்கொடுத்தலும்: ஓர் எளிய அறிமுகம்

குன்னூரில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு தையல் கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பேர் படகர். இரண்டு பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவர் இருளர், ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவர் திருநங்கை, கட்டிங் மாஸ்டர் மட்டும் சமவெளிக்காரர். தலைக்கணக்கு பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி வேறு கணக்கு. கடைசிப் பேருந்து ஆறரைக்கு என்றால் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது? புது மாடலை மாஸ்டர் வாயால் விளக்கும்போது காது கேட்காதவருக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது? சம்பளப் பதிவேட்டில் திருநங்கையின் எந்தப் பெயர் இருக்கிறது? பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) பேசும் நாளில் அந்த இருளர் பெண் பக்கத்தில் இருக்கிறாரா, அல்லது முடிவானதும் தகவல் மட்டும் சொல்கிறார்களா?

டைவர்சிட்டி, இன்க்ளூஷன் என்று எப்போதும் ஜோடியாக வரும் இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதைப் பன்மை என்று சொல்லிவிடலாம். பின்னதற்கு அரசுக் காகிதங்களில் 'உள்ளடக்கம்' என்று போடுகிறார்கள். அதைக் கேட்டால் புத்தகத்தின் பொருளடக்கம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கட்டுரையில் அதை 'இடங்கொடுத்தல்' என்றே சொல்கிறோம். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று பழமொழி வைத்திருக்கும் மொழியில் இது கொஞ்சம் துணிச்சலான சொல்தான். அந்தப் பழமொழியை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று யோசித்தால், இதுவே சரியான சொல் என்றும் படும்.

பலதரப்பட்ட ஆட்கள் இருந்தால் பன்மை. அவர்கள் வந்ததால் மேசை உயரமோ, வேலை நேரமோ, அளவுப் பட்டியலோ, கூலியோ ஏதாவது ஒன்று மாறியிருந்தால் அதுதான் இடங்கொடுத்தல். ஆடைத் தொழிலில் இதை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: உடுத்துகிறவர், தைக்கிறவர், வேலைப்பாட்டுக்குச் சொந்தக்காரர். நீலகிரியில் இந்த மூன்றாவது மற்ற ஊர்களைவிடப் பெரிய விஷயம் என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

பெரிய சைஸுக்குத் துணி அதிகமா?

"எங்களிடம் எல்லா சைஸும் உண்டு" என்று போர்டு வைத்திருக்கும் கடையில் பெரும்பாலும் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரைதான் இருக்கும். த்ரீ எக்ஸ்எல் கேட்டால் ஒன்று இல்லை, அல்லது கூடுதல் விலை. காரணம் கேட்டால் "துணி நிறைய போகுது" என்பார்கள். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நேர்வெட்டுக் குர்தி ஒன்று. உயரம் 42 இன்ச். தோளுக்கும் கீழ் மடிப்புக்கும் 3 இன்ச் சேர்த்தால் 45. மார்பளவு 36 என்றால் லூஸ் 4 இன்ச் சேர்த்து 40. முன்பாகம் 20, பின்பாகம் 20. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத் தையலுக்கு 2 இன்ச் விட்டால் 22. இரண்டும் சேர்த்து 44. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் காட்டன் துணியின் அகலமும் 44 இன்ச்தான். ஆக, முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். 45 இன்ச் நீளமும் கைக்கு 20 இன்ச்சும் சேர்த்து 65 இன்ச், அதாவது சுமார் 1.65 மீட்டர் போதும்.

மார்பளவு 38 ஆனதும் இரண்டு பாகமும் சேர்ந்து 46 இன்ச் ஆகிவிடுகிறது. 44-க்குள் அடங்காது. ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும்: 90 இன்ச், சுமார் 2.3 மீட்டர். கைகள் பக்கவாட்டில் மிஞ்சும் துணியில் வந்துவிடும். இதே 2.3 மீட்டரில் மார்பளவு 46 குர்தியும் வரும். ஒரு பாகம் 27 இன்ச் போக 17 இன்ச் மிச்சம், முக்கால் கைக்கு அது போதும்.

துணி கூடுவது 38-இல், அதாவது எம் சைஸில். த்ரீ எக்ஸ்எல்லில் அல்ல. எம் சைஸுக்கு எந்தக் கடையும் கூடுதல் விலை கேட்டதில்லை. 58 இன்ச் அகலத் துணி எடுத்தால் மார்பளவு 50 வரை முன்னும் பின்னும் அருகருகே அடங்கி, எல்லா சைஸுக்கும் அதே 1.65 மீட்டர்தான் பிடிக்கும். சீட் (பின்புறச் சுற்று) அளவு மார்பைவிடக் கூடுதலாக இருப்பவர்களுக்கு அந்த அளவை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். சைஸுக்குத் தகுந்த விலை வைப்பதைவிட, துணி வாங்கும்போதே அகலம் பார்த்து வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைப்பது நேர்மையும் சுலபமும்.

விலையைச் சரிசெய்தாலும் பொருத்தம் தனியாக நிற்கிறது. எம் சைஸ் பேட்டர்னை, அதாவது வெட்டுவதற்கான மாதிரித் தாளை, வைத்துக்கொண்டு சைஸுக்கு 2 இன்ச் வீதம் ஊதிக்கொண்டே போனால் மூன்றாவது, நான்காவது படியில் உடை கெட்டுவிடும். ஷோல்டரை ஒவ்வொரு சைஸுக்கும் அரை இன்ச் கூட்டினால் 14½ இன்ச், த்ரீ எக்ஸ்எல்லில் 16½ ஆகிறது. உடம்பு பருத்தாலும் எலும்பு அந்த அளவுக்கு அகலமாவதில்லை. ஷோல்டர் கீழே வழியும், கழுத்து அகன்று உள்ளாடைப் பட்டை தெரியும். மேல்கையோ நாம் கூட்டியதைவிட அதிகமாகப் பருத்திருக்கும், அங்கே பிடிக்கும். வாடிக்கையாளர் "எனக்கு எதுவுமே செட் ஆகாது" என்று தன் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டு போவார். குறை பேட்டர்னில்.

செய்ய வேண்டியது: 46-க்கு ஒரு தனி பேட்டர்ன். அந்த அளவுள்ள ஒருவருக்கு மலிவுத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லித் திருத்துங்கள். அதிலிருந்து மேலே இரண்டு சைஸ், கீழே ஒரு சைஸ் மட்டும் எடுங்கள்.

இந்தியக் கடைகளில் புழங்கும் அளவுப் பட்டியல்களில் பல அமெரிக்க, பிரிட்டிஷ் பட்டியல்களைத் தழுவியவை. இதை மாற்றத்தான் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தை எடுத்தது. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது அதன் நோக்கம். கோத்தகிரியில் கடை நடத்துபவருக்கு அத்தனை பேர் தேவையில்லை. வருகிறவர்களில் 40 பேருடைய மார்பு, இடுப்பு, சீட், ஷோல்டர், மேல்கைச் சுற்றளவு ஐந்தையும் பெயர் போடாமல் ஒரு நோட்டில் குறித்தாலே எந்த சைஸ் எத்தனை தைப்பது என்று தெரிந்துவிடும். மேல்கையை மட்டும் உள்ளே தெர்மல் போட்ட நிலையில் அளவெடுங்கள். மலையில் ஆண்டில் பாதி நாள் அது உள்ளேதான் இருக்கிறது. சமவெளி அளவில் தைத்த கைகள் இங்கே பிடிப்பதற்கு அதுவே காரணம்.

நிறத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது வெளிர் பழுப்பு. அது இந்த மலையில் பெரும்பாலோர் தோலோடு ஒட்டாது. லைனிங், லெக்கிங்ஸ், உள்பாடி வாங்கும்போது காபி, இலவங்கப்பட்டை, கோதுமை என்று நான்கு ஷேடாவது வாங்குங்கள். பில்லில் ஷேடின் பெயரை எழுதுங்கள், 'ஸ்கின்' என்று எழுதாதீர்கள்.

பட்டன் போட முடியாத விரல்கள்

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் உதகையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஸ்வெட்டர் பட்டன் போடுவதைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான உடை என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். வாதம் வந்த விரல், பக்கவாதத்தில் ஒரு கை, குளிரில் மரத்த கை எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒரே மாற்றம்தான். மேலே பட்டனை அலங்காரத்துக்குத் தைத்துவிட்டு உள்ளே வெல்க்ரோ வையுங்கள். ஜிப்பின் நுனியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் கட்டுங்கள். காந்த பட்டன் வசதியானது, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கூடாது, விற்கும்போதே கேட்டுவிடுங்கள். வெல்க்ரோவை ஒட்டி மூடாமல் துவைத்தால் மற்ற துணிகளின் நூலையெல்லாம் பிய்த்து இழுத்துக்கொண்டு, பிறகு ஒட்டாமல் போகும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பேன்ட் தைத்தால் உட்கார்ந்த நிலையிலேயே அளவெடுங்கள். பின்பக்க உயரத்தை 2 முதல் 3 இன்ச் கூட்டி, முன்பக்கத்தை 1 இன்ச் குறைத்தால், முதுகில் இறங்காமலும் வயிற்றில் சுருளாமலும் இருக்கும். உட்கார்ந்தால் கால் பகுதி மேலேறும் என்பதால் நீளத்தில் 2 இன்ச் கூட்டுங்கள். பின்பாக்கெட் வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடத்தில் தடித்த தையல் அழுத்தினால் தோல் புண்ணாகும். உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியாமலே முற்றிவிடும். பாக்கெட்டைத் தொடையின் மேல் வையுங்கள். இவ்வளவுக்கும் கூடுதலாகப் போகும் துணி கால் மீட்டர்கூட இல்லை.

தைக்கிறவர் பக்கம்

சட்டம் கேட்பது எது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதற்கு மேல் செய்வதுதான் உங்கள் கணக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், 2013 சட்டம். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துக்கும் குறைவு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ என்றால் குழந்தைகள் காப்பகம். கடைகளில் நின்றுகொண்டே விற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வீக்கம் அப்போதுதான் சட்டமன்றம் வரை போனது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டமும் திருநர்களுக்கு 2019 சட்டமும் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன.

காகிதத்தில் குழு இருப்பதற்கும் ஒரு பெண் அதன் முன் வாய் திறப்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. பழனி மலையடிவாரத்தில் இருக்கும் திண்டுக்கல்லில் நடந்தது இதற்குப் பாடம். 2021 ஜனவரியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். அதன்பின் பெண்கள் வழிநடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. உற்பத்தியாளரோடு நிற்காமல், துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளையும் அது கட்டுப்படுத்தியது. பாலினத்தோடு சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரவும் வழி செய்தது. சூப்பர்வைசரைப் பற்றிய புகாரைச் சூப்பர்வைசரிடமே கொடுக்க வேண்டிய நிலை இருந்தால் புகாரே வராது. புகார் வரவில்லை என்பதை எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் நிறைய.

மலையில் பார்க்க வேண்டிய சின்ன விஷயங்கள் சில உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருட்டிய பின் சாலையில் யானை நிற்கும். ஷிப்ட்டை ஐந்து மணிக்கு முடித்துக் காலையில் அரை மணி முன்னதாகத் தொடங்கினால் பழங்குடிப் பெண்கள் வேலையில் நீடிப்பார்கள். ஆறரைக்கு முடித்தால் இரண்டாம் மாதம் நின்றுவிடுவார்கள். "அவங்க ஒழுங்கா வரமாட்டாங்க" என்ற பேச்சுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது பஸ் நேரம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக அளவுச் சீட்டில் எழுத்துக்குப் பதில் உடையின் கோட்டுப் படம் போட்டு எண்ணை அந்தந்த இடத்தில் எழுதுங்கள். காது கேட்காதவருக்கும் அதே சீட்டு உதவும். அவர் மெஷினுக்கு மேலே ஒரு சிறு விளக்கை வைத்து, அபாய மணியோடு அதையும் இணையுங்கள். வலது காலில் பலம் குறைந்தவருக்குப் பெடலை இடப்பக்கம் நகர்த்துவது மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை. இடது கைக்காரருக்கு இடது கைக் கத்தரிக்கோல். இதெல்லாம் இல்லாமல் வேகம் குறைந்தால் பீஸ் ரேட்டில் அடிபடுவது அவர்தான்.

வேலைப்பாடு யாருடையது?

நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரிக்கு அவர்கள் மொழியில் புகூர் என்று பெயர். அது போடப்படும் சால்வை பூத்துக்குளி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். அடித்துணியை அவர்கள் நெய்வதில்லை. வெளியிலிருந்து வாங்குவது நெடுநாள் வழக்கம். துணியில் படம் வரைவதில்லை, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. நீளவாட்டில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடு நூலையும் விரலால் எண்ணி எண்ணியே ஊசியை ஏற்றி இறக்குகிறார்கள். பின்பக்கமிருந்து போடும் தையல் இது. வெளிப்பக்கத்தில் நூல் சற்றே புடைத்து நிற்க வேண்டும் என்பதால் வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்தி விடுவார்கள். தடவிப் பார்த்தால் நெய்ததா தைத்ததா என்று குழப்பம் வரும். எருமைக் கொம்பு முதலான வடிவங்கள் அவர்கள் வாழ்க்கையிலிருந்து வந்தவை. இறந்தவரைப் போர்த்துவதும் இதே வேலைப்பாட்டுத் துணியால்தான்.

தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் ஆகியவற்றின் முயற்சியில் 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதில்தான் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் தடுமாறுகிறார்கள். அது தனிமனிதர் சொத்தல்ல. விற்கவோ, வாடகைக்கு விடுவதுபோல உரிமம் கொடுக்கவோ சட்டத்தில் இடமில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பெயரைப் பயன்படுத்த, செய்பவர் பதிவுபெற்ற பயனராக இருக்க வேண்டும். மெஷினில் அச்சடித்த துணியைத் 'தோடா எம்பிராய்டரி' என்று விற்றால் சிறைத் தண்டனை வரை போகலாம். ஆனால் பெயரைச் சொல்லாமல் சிவப்பு கறுப்புக் கோலத்தை மட்டும் அச்சடித்து 'மலைச் சால்வை' என்று விற்பவரைப் பிடிப்பது கடினம். சட்டம் விட்ட இந்த இடைவெளியை நிரப்புவது வாங்குபவரின் கைதான்: துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சு என்றால் பின்பக்கம் மங்கலாக இருக்கும், புடைப்பு இருக்காது. மெஷின் எம்பிராய்டரி என்றால் பின்னால் பெரும்பாலும் இன்னொரு நிற அடிநூல் ஓடும்.

அவர்களோடு சேர்ந்து பொருள் செய்ய நினைப்பவர் முதலில் மந்துக்கு (தோடர் குடியிருப்புக்கு)ப் போய்க் கேட்க வேண்டியது, எந்த வடிவத்தை விற்பனைப் பொருளில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது. போர்வையாக இறுதிச் சடங்குக்குப் போகும் வேலைப்பாட்டை மிதியடியில் போடக் கேட்டால் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. செல்போன் பை, மேசை விரிப்பு, துப்பட்டா எல்லாம் இன்று செய்கிறார்கள். எதைச் செய்வது என்ற முடிவு அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

அடுத்து அடித்துணி. எண்ணிப் போடும் தையல் என்பதால் நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாப்ளின் போன்ற நெருக்கமான துணியைக் கொடுத்தால் எண்ண முடியாது, கண்தான் கெடும். பாவும் ஊடும் இன்ச்சுக்கு ஒரே எண்ணிக்கையில் இல்லாவிட்டால் சதுரமாக வர வேண்டியது நீண்டுவிடும். அதை "பினிஷிங் சரியில்லை" என்று திருப்பி அனுப்பும் வியாபாரி, தான் கொடுத்த துணியை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். துணியை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் துணி சுருங்கி, தையல் சுருங்காமல், முழுதும் கொப்புளமாகிவிடும். சிவப்பு நூலை அரை மணி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலே வேண்டாம்.

கூலிக் கணக்குதான் பலரும் தவறும் இடம். உதாரணத்துக்கு ஒரு சால்வை 60 மணி நேரம் பிடிக்கிறது என்று வைப்போம். எட்டு மணி வேலை என்றால் ஏழரை நாள். துணிக்கும் நூலுக்கும் 700 ரூபாய். வியாபாரி ஒரு சால்வைக்கு 2,000 ரூபாய் தருகிறார் என்றால் மிஞ்சும் 1,300-ஐ ஏழரையால் வகுத்தால் நாளுக்கு 173 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. நாளுக்கு 500 என்று வைத்தால் சால்வையின் அடக்கவிலை 4,450. அதற்கு மேல்தான் உங்கள் லாபம். பீஸுக்கு இவ்வளவு என்று பேசும்போது 2,000 பெரிய தொகையாகத் தெரியும், நாளாக உடைத்தால்தான் உண்மை தெரியும். எனவே முதல் மூன்று சால்வைகளுக்கு மணிக்கணக்கை அவர்களையே குறித்துவைக்கச் சொல்லி, பிறகு விலை பேசுங்கள். பாதித் தொகை முன்பணம்.

வீட்டு வேலை, எருமை, பிள்ளைகளுக்கு நடுவே ஒரு நாளில் மூன்று மணி நேரம் கிடைத்தால் 60 மணி நேர வேலைக்கு 20 நாள். ஒருவரால் மாதத்துக்கு ஒன்றரைச் சால்வை. 2011 கணக்கெடுப்பில் தோடர்களின் மொத்த மக்கள்தொகையே சுமார் இரண்டாயிரம்தான். தீபாவளிக்கு 500 வேண்டும் என்று புரட்டாசியில் வந்து நிற்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும். நெருக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே: இரவில் மங்கிய வெளிச்சத்தில் தைப்பார்கள், அல்லது இடையில் ஒருவர் மெஷின் வேலையைக் கலப்பார்.

விளம்பரத்துக்குப் படம் எடுப்பதாக இருந்தால், எங்கே, எத்தனை மாதம் போடப்போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மாடலுக்குத் தருவதுபோலப் பணம் தாருங்கள். தைத்தவர் பெயரைச் சீட்டில் போடுவதும் அவர் விரும்பினால் மட்டுமே. சிலர் பெயர் வேண்டும் என்பார்கள், சிலர் மந்தின் பெயர் போதும் என்பார்கள்.

சீட்டில் மற்றபடி எழுத வேண்டியவை: கையால் எண்ணிப் போட்டது, தைக்க ஆன மணி நேரம், பதிவுபெற்ற பயனரின் எண், துணியின் நீள அகலம். கீழே துவைக்கும் முறை: முதல் இரண்டு தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் விரித்துக் காய வையுங்கள், இஸ்திரி போடுவதானால் புடைப்பு அமுங்காதபடி கீழே தடித்த துண்டு விரித்து, மறுபக்கத்தில்.